வண்டி கட்டிக்கொண்டு வருகிறோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் எழுந்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்பா நலம்தான், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒரு தூக்கமும் போடுகிறார், நான்தான் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையே தையல் மெஷின் மேல் வைத்துப் பாதியும் அடுப்படியில் நின்றுகொண்டு மீதியுமாக எழுதுகிறேன், எங்காவது எண்ணெய்க் கறை தெரிந்தால் திட்டாதே. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்பாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். அதனால்தான் காகிதம். முழுசாகப் படி, நடுவில் தாவாதே, நீ சின்ன வயதிலிருந்தே கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை பேசியபோது, பிரசவத்துக்கு நான் வந்து கூட இருக்கிறேன் என்றேன். நீ "இங்க இடமில்லம்மா" என்றாய். நியாயம்தான். இருப்பது ஒரே அறை, அதில் நீங்கள் இருவர், சமையலறையில் படுக்கும் மாப்பிள்ளையின் தம்பி, இதில் தொட்டில் வேறு வரப்போகிறது. எனக்குப் புரிந்தது, புரிந்தது என்று உன்னிடமும் சொன்னேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. தைக்கும்போது மெஷின் சத்தம்கூட இடமில்லை இடமில்லை என்று ஓடுவது மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், போயும் போயும் ரேடியோ அத்தையிடம் போய்ச் சொன்னேன். உன் அத்தைக்குச் செய்தி வாசிக்க மட்டும் தெரியும் என்று நினைத்தேன், அவள் பொழிப்புரையும் சொல்வாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இடமில்லைன்னா என்ன அர்த்தம், வராதேன்னு அர்த்தம். பொண்ணு நாசூக்கா சொல்லியிருக்கா, உங்களுக்குத்தான் புரியல அண்ணி" என்றாள். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன், அப்போதும் மனசு அடங்கவில்லை.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, எதையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், சாயங்காலம் வாசலில் ஹாரன் அடித்தார். எட்டிப் பார்த்தால் ஒரு பழைய கேம்பர் வண்டி. முன்னால் வேன் மாதிரி முகம், பின்னால் ஓர் அறை, உள்ளே இரண்டு பேர் படுக்கும் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேஜை. அவர் லாரி ஓட்டிய காலத்துக் கூட்டாளி ஒருவர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்து, பிறகு கொல்லையில் நிறுத்தி மறந்தே போன வண்டியாம். இது எதற்கு என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "இடம்தானே இல்லைங்கறா, இடத்தையே எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான் என்று நினைத்தேன், அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆமாம் பாப்பா, நாங்கள் உன்னிடம்தான் வரப்பார்க்கிறோம். வண்டி கட்டிக்கொண்டு வருவது என்பார்களே, அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகொண்டிருக்கிறோம்.

எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதில் அப்பாவை யாரும் ஏமாற்ற முடியாது. உடம்புதான் போய்விட்டது. வெளிப்பக்கம் முழுக்க மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குப் பின்னால் மரச்சட்டம். கூரை ஓரத்தில் தண்ணீர் இறங்கி இறங்கி உள்ளே இருந்த மரம் நனைந்த ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டிங்கரிங் கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆகும் செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்றார். வேறு வண்டி வாங்க வழியிருந்தால் உங்களை ஏன் கூப்பிடுகிறேன் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்குப் பிறகு வேலையைத்தான் எடுத்துக்கொள்ளவில்லையே தவிர, போகும்போதும் வரும்போதும் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த இரண்டு வார்த்தையில்தான் வண்டி நிற்கிறது.

புதுத் தகடு கடையில் விலை கேட்டோம், கேட்டதோடு சரி. பிறகு அப்பா எங்கெங்கோ விசாரித்து, உடைத்துப் பிரித்த ஒரு பால் லாரியின் பக்கத் தகடுகளைக் கொண்டுவந்தார். நல்ல கெட்டியான அலுமினியம், ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு, மறுபக்கம் பழைய பசை அப்பிக் கரடுமுரடாக இருக்கும். வெள்ளைப் பக்கத்தில் பால் கம்பெனிக்காரர்கள் பெரிய மாடு ஒன்று ஒட்டியிருந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரை உரித்த பிறகும் மாடு போகவில்லை, வெயில் பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறு வெள்ளையாகி, நிழல் மாதிரி நிற்கிறது. மேலே பெயின்ட் அடித்தோம், சாயங்கால வெயிலில் மறுபடியும் மாடு எழுந்து நிற்கிறது. மாட்டின் முன்பாதி வண்டியின் ஒரு பக்கத்துக்கும் பின்பாதி அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டதால், தெருவில் எல்லோரும் இதற்கு மாட்டு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உன் அத்தைதான் வைத்திருப்பாள், வேறு யார்.

வேலையை ஆரம்பித்த அன்றைக்கே எங்கள் இருவருக்கும் சண்டை. அப்பா வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாரே ஒரு டின் நிறைய இரும்புத் திருகாணி, உன்னைக் கையே வைக்க விடமாட்டாரே, அதை எடுத்துக்கொண்டு வந்து இதுக்குத்தான் வச்சிருந்தேன் என்கிறார். அலுமினியத்தில் இரும்பைப் போட்டால் மழை பட்டதும் அந்த இடமே அரித்து ஓட்டையாகும் என்று டிங்கரிங்காரர் சொல்லியிருந்தார். நான் சொன்னால் கேட்கவில்லை, அவர் வந்து சொன்னதும் டின்னை மூடி உள்ளே வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. அப்புறம் அலுமினிய ரிவிட்டே வாங்கினோம். நான் அதைப் பொத்தான் என்பேன், அவர் கேட்கும் போதெல்லாம் முறைப்பார். பொத்தான் வைக்கிற வேலை என்று வந்துவிட்டால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் பார், விரலால் அளந்து நான் புள்ளி வைப்பேன், அவர் துளை போட்டு அடிப்பார். கீழ்த் தகட்டை முதலில் வைத்து, மேல் தகடு அதன்மேல் விழுகிற மாதிரி வைக்க வேண்டும், சட்டை பேன்ட்டுக்கு வெளியே விழுந்தால் தண்ணீர் உள்ளே போகாது இல்லையா, அதே கணக்குதான். தகட்டுக்குப் பின்னால் ஒட்டும் பசையில் மட்டும் அப்பா மலிவாக ஏதோ வாங்கி வந்தார், குளியலறைக்குப் போடுகிறது. அதற்கு டிங்கரிங்காரர் சொன்னதை உனக்காக எழுதுகிறேன். "எதுல வேணா மிச்சம் பிடிங்கம்மா, தண்ணி போற இடத்துல மட்டும் பிடிக்காதீங்க." நீயும் பாலிலும் பழத்திலும் செருப்பிலும் மிச்சம் பிடிக்காதே. நாள் முழுக்க வார்டில் நிற்கிறவளுக்குத் தேய்ந்த செருப்பு ஆகாது, கால் வீங்குகிறது என்று நீ பேச்சுவாக்கில் சொன்னதை நான் மறக்கவில்லை.

இப்போது என் வீரத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. பழுப்புக் காகிதத்தில் நான்தான் அளவு வெட்டினேன். வண்டியின் பின்பாதியில் ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நன்றாக அளந்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, மடிப்புக்கு ஓர் அங்குலம் கூட வைத்து, காகிதத்தில் அழகாகப் போட்டுவிட்டேன். பிறகு என்ன செய்தேன் என்றால், இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கிளிப் போட்டு, மேலே காகிதத்தை விரித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டச் சொல்லிவிட்டேன். சட்டைக்கு முன்பக்கம் இரண்டையும் அப்படித்தானே வெட்டுவோம், துணியை மடித்துப் போட்டால் இடதும் வலதும் ஒரே வெட்டில் வந்துவிடும். கை பழகிவிட்டது, மூளையைக் கேட்காமலே வேலை செய்துவிட்டது. அப்பாவும் கட்டிங் மெஷினை வைத்து நான் போட்ட கோட்டிலேயே கனகச்சிதமாக வெட்டித் தந்தார். முதல் தகடு ஒரு பக்கம் அச்சாகப் பொருந்தியது, எனக்குக் கர்வம் தாங்கவில்லை. இரண்டாவதை அடுத்த பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது பாப்பா. தகட்டில் இவ்வளவு பெரிய ஓட்டை, ஓட்டைக்குள் வெறும் மரம். தகட்டைத் தலையில் தாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "இது சட்டை இல்லடி, வண்டி" என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. அந்த அளவில் வேறு தகடு இல்லை, திருப்பிப் போடவும் முடியாது, பசைப்பக்கம் வெளியே வந்துவிடும், ஒட்டுப் போட்டால் நாலு பக்கமும் தண்ணீருக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. கத்திரியை வீசிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தகட்டுக்காக அழவில்லை, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டே வருகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, போனால் என்னை நீ வா என்பாயோ மாட்டாயோ அதுவும் தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருக்கும்போதே வெளியே மெஷின் ஓடுகிற சத்தம். என்னவோ என்று ஓடிவந்தால் அப்பா வண்டிக்குள் நின்று அந்த மரச்சுவரை அறுத்துக்கொண்டிருக்கிறார். "ஓட்டை விழுந்தாச்சு, ஜன்னலாவே ஆக்கிடுவோம், உனக்கும் காத்து வரும்" என்றார். சட்டம் போட்டார், கண்ணாடிக் கடையில் மிச்சமாகக் கிடந்த பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டை வெட்டி வாங்கி வந்து பொருத்தினார். அது சரியாக மாட்டின் வாலுக்குக் கீழே வந்து அமைந்திருக்கிறது. உன் அத்தை பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நான் எழுத மாட்டேன்.

எல்லாம் அடித்து முடித்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. மெஷினில் யாருடைய பேன்ட்டோ பாதியில் நிற்கிறது, அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். கூரை ஓரம் காய்ந்திருந்தது, மூட்டெல்லாம் காய்ந்திருந்தது, பழைய ஜன்னல்கூடச் சொட்டவில்லை. என்னுடைய ஜன்னல்தான், கீழ் மூலையில் ஒரு சொட்டு, நிதானித்து இன்னொரு சொட்டு. அப்பா குடை பிடித்துக்கொண்டு வெளியில் நின்று என்ன ஆச்சு என்ன ஆச்சு என்கிறார், நான் கண்ணாடி வழியாக அந்த மூலையைத் தொட்டுக் காட்டினேன். மழை விட்டதும் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து, ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு தகட்டுப் பட்டையும் அடித்திருக்கிறார். இனிமேல் வராது என்கிறார். வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், வரவில்லை. வாளித் தண்ணீர் மேல் எனக்கு நம்பிக்கையில்லை, மழை வர வேண்டும். தினமும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறேன், துணி காயப் போடுகிறவர்கள் எல்லாம் என்னைச் சபிக்கிறார்கள்.

மழை ஒரு கவலை என்றால் இன்னொன்று உன்னிடம்தான் இருக்கிறது. கேட்டுவிடுகிறேன், கேட்காமல் இருந்தால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். நீ இடமில்லை என்றது இடத்தைப் பற்றி மட்டும்தானா? நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா. வந்தால் சும்மா இருக்க மாட்டேன், அலமாரியை அடுக்குவேன், மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்ப்பேன், நீ தூங்குகிறாயா என்று தூங்க விடாமல் வந்து வந்து பார்ப்பேன். அது வேண்டாமே என்று உனக்குத் தோன்றியிருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் உன் வயதில் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. அதனால் நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நாங்கள் வந்தாலும் உன் வீட்டுப் படி ஏற மாட்டோம். சமையல், படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே. அந்தப் புது ஜன்னல் நான் படுக்கிற பக்கம், தலையணைக்கு நேராக இருக்கிறது. அந்தப் பக்கம் உன் வீட்டைப் பார்த்திருக்கிற மாதிரி வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். உன் விளக்கு எரிவது தெரிந்தால் போதும். கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் துவைக்க வேண்டியதை மட்டும் கீழே போடு, துவைத்து மடித்துத் தருகிறேன். ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன், உன் பழைய பாவாடைத் துணி, நீல நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது, பார்த்தால் உனக்கே தெரியும். ரொம்பப் பார்க்கிறேன் என்று தோன்றினால் சொல், இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

அப்பாவிடம் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நீயே எழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் தெருவில் கிளை ஏதாவது தாழ்வாக இருக்கிறதா, ஒரு பெரிய வேன் திரும்ப வசதி உண்டா என்று பார்த்து எழுதச் சொல்கிறார். அவருக்கு அவ்வளவுதான் கவலை, உன் பதில் என்னவாக இருக்கும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் கை நிற்கவில்லை. குட்டிக்கு ஆறு சட்டை தைத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் இரண்டு கையும் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, கூட வேலை செய்கிறவர்களிடம் கூச்சப்படாமல் உதவி கேள். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிற உயிரும் நீண்ட ஆயுளோடு, வாசலில் சிரிப்புச் சத்தம் ஓயாமல், நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். பதிலைப் போனில் சொல்லாதே, சொன்னால் உன் குரலுக்குள் வேறு எதையாவது தேடிக்கொண்டே கிடப்பேன். எழுது. வா என்று தோன்றினால் வா என்று எழுது, மழை வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே கிளம்பிவிடுவோம். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது, அழுவேன், அப்புறம் சரியாகிவிடுவேன், நீ என் மகள் இல்லை என்று ஆகிவிடாது. இடமில்லை என்று மட்டும் எழுதாதே பாப்பா. இடத்தை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வண்டியைக் கட்டிவிட்டு வானத்தையும் தபால்காரரையும் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா